சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?



வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு விசா போடுவது எப்படி என்று இந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருத்திக்குத் தாய்லாந்து, ஒருத்திக்கு வியட்நாம், ஒரு பையனுக்குத் தென் கொரியா. தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். இம்போசிஷன் எதுவும் கிடையாது, மெதுவாகப் படியுங்கள்.

உங்களில் பலருக்கு நான் கும்பகோணத்தில் இங்கிலீஷ் எடுத்த மிஸ் என்பது மட்டும்தான் தெரியும். நடுவில் இரண்டு வருஷம் காணாமல் போனேனே, அப்போது மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். 2004, 2005. எட்டாம் வகுப்பு பி செக்ஷன் பிள்ளைகள் 'மிஸ் டெலிவரிக்குப் போயிருக்காங்க' என்று புரளி கிளப்பியதெல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தது. யார் என்றும் தெரியும்.

முதலில் பெயர் விஷயம். ஏனென்றால் மூன்று பேரும் மாட்டிக்கொண்டு நிற்பது அங்கேதான். நம் பக்கத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். உலகத்தில் உள்ள விசா விண்ணப்பங்களுக்கோ 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு விடாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். டிகிரி சர்டிபிகேட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். ஆதாரில் ஒரு 'எச்' கூடியோ குறைந்தோ இருக்கும். நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். விசா கொடுக்கிற அதிகாரிக்கு இவர்கள் நான்கு பேர்.

பெண்களுக்கு இன்னொரு சுற்று. எனக்கு டிகிரி வரைக்கும் அப்பா இனிஷியல் 'ஜி'. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில், வாக்காளர் அட்டையில், பேங்க் பாஸ்புக்கில் அவர் இனிஷியல் 'எஸ்'. 2003-ல் திருச்சி பாஸ்போர்ட் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு கட்டுக் காகிதத்தையும் பார்த்துவிட்டு, 'ஜி யாரும்மா, எஸ் யாரும்மா' என்றார். இரண்டும் நான்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு இரண்டு முறை கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறினேன்.

ஆகவே பாஸ்போர்ட் எடுக்கும்போதே டிகிரியில் இருக்கிற பெயரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சின்ன வித்தியாசத்துக்கு 'இருவரும் ஒருவரே' என்ற அபிடவிட்டைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். பெரிய வித்தியாசம் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுக்கொள்வதுதான் வழி. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வேலை உறுதியான பிறகு ஆரம்பித்தால் வேலை போய்விடும். பிறந்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ பிறந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பொருந்த வேண்டும் என்று ஹெட்மாஸ்டர்கள் போட்ட தேதி அது. உங்கள் அம்மா அப்பா சர்டிபிகேட்டைக் கேட்கிற நாடுகளும் உண்டு, அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. டிகிரி சர்டிபிகேட்டை லேமினேட் செய்யாதீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மழையில் நனையாது என்று அப்பாக்கள் ஆசையாகச் செய்து வைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அந்தக் காகிதத்தின் முதுகில்தான் முத்திரை விழவேண்டும். பிளாஸ்டிக் மேல் யாரும் முத்திரை போட மாட்டார்கள். முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவுத் துறை. 2005-ல் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்ததிலிருந்து, அதில் உள்ள நாடுகளுக்கு வெளியுறவுத் துறையின் ஒரு ஸ்டிக்கரோடு வேலை முடிந்துவிடுகிறது. தென் கொரியா அப்படித்தான். மற்ற நாடுகளுக்கு அதற்கு மேல் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். எந்த நாடு எந்தப் பட்டியல் என்று வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்காதீர்கள்.

கொரியா கேட்ட பையனுக்கு ஒரு விஷயம் தனியாக. அந்த நாடு ஆங்கில ஆசிரியர் விசாவைப் பொதுவாக 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான் கொடுக்கிறது: அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நமக்கு ஒரு சின்ன வாசல் உண்டு. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தின்படி, ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர் உதவி ஆசிரியராக விண்ணப்பிக்கலாம். நீ பி.ஏ. இங்கிலீஷோடு பி.எட். முடித்திருப்பது அங்கே கைகொடுக்கும். ஆனால் அங்கே உள்ள பள்ளி உன்னைக் கேட்டு எழுத வேண்டும். வாசல் இருக்கிறது என்பதற்காகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று நினைக்காதே.

அந்தப் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஞாபகம் வரும். நம் வலங்கைமானில் 1869-ல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கும்பகோணத்தில் படித்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரர்களே பட்டம் கொடுத்தார்கள். காந்தியின் இங்கிலீஷைத் திருத்திக்கொடுத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1927-ல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா போனவர், அங்கே இருந்த நம் மக்களின் பிள்ளைகளுக்காக டர்பனில் ஒரு கல்லூரி எழுப்பக் காரணமாக இருந்தார். 1929-ல் திறந்த அந்த சாஸ்திரி கல்லூரிக்கு இங்கிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள். இன்றைக்கு டர்பன் பாஸ்போர்ட் இருந்தால் இங்கிலீஷ் தாய்மொழி, வலங்கைமான் பாஸ்போர்ட் என்றால் கூடுதலாக ஒரு பரீட்சை. கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்திலும் இந்தியர்களிடம் டோயிக் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் கேட்கிறார்கள். கட்டணம் கட்டி எழுதிவிடுங்கள்.

இப்போது தாய்லாந்து. இந்தப் பெண்ணிடம் ஒரு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்டிருக்கிறார். 'விசாவெல்லாம் அங்கே போய் மாத்திக்கலாம், இப்போ டூரிஸ்டா ஏறுங்க' என்றாராம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முறை இதுதான். பள்ளி உனக்கு வேலை கொடுத்துக் காகிதங்களை அனுப்ப வேண்டும். அதை வைத்துச் சென்னையில் உள்ள தாய்லாந்து தூதரகத்தின் மூலம் 'நான்-இமிக்ரண்ட் பி' என்ற விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் 90 நாள் கொடுப்பார்கள். போய் இறங்கிய பிறகு பள்ளியே ஒர்க் பெர்மிட் எடுத்து, தங்கும் காலத்தை நீட்டித்துத் தரும். டூரிஸ்டாகப் போய் வகுப்பில் நின்றால் அது குற்றம். பிடிபடுவது நீதான், ஏஜெண்ட் இல்லை.

அதைவிட மோசமானதும் உண்டு. 2022-லிருந்து தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்த கதைகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். அவர்களிடம் சொல்லப்பட்டது டேட்டா என்ட்ரி, டைப்பிங். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்தக் கும்பலுக்கும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஏஜெண்ட் வழியாகத்தான் போவேன் என்றால், அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான முகவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும்தான். ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டவுடன் அவர் போனை எடுக்காமல் போனால் நல்லது. நம் மாநில அரசுக்கே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

நான் எப்படிப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002-லும் 2003-லும் ஜூன் 12 வந்து போனது, மேட்டூர் திறக்கவில்லை. எங்களுக்கு அரசலாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா நிலம். இரண்டு வருஷமும் குறுவை இல்லை. சம்பாவில் வைக்கோலாவது மிஞ்சும் என்று பார்த்தால் அதுவும் பேருக்குத்தான். சொசைட்டிக் கடன், நகைக் கடன், உரக்கடை பாக்கி. பள்ளியில் எனக்கு மாதம் 2,200 ரூபாய். அவர் வாய்க்கால் தலைப்பில் போய் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார். இந்து பேப்பரில் புதன்கிழமை வேலைவாய்ப்பு இணைப்பு வரும், அதில்தான் விளம்பரம் பார்த்தேன். திருவனந்தபுரத்தில் இன்டர்வியூ. மகளுக்கு அப்போது ஏழு வயது. என் மாமியார், 'பொம்பளை சம்பாதிக்கப் போற அளவுக்கா வந்துட்டோம்' என்று அழுதார்கள். மறுநாள் அவர்களே தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, 'அந்த ஊர்ல அரிசி கிடைக்குமா' என்று கேட்டார்கள்.

மாலத்தீவு போக இந்தியர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டியதில்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர் கையில் அந்த அரசின் வேலை அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். எனக்கு அது கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை பேக்ஸில் வந்தது. பாதி எழுத்து விழவில்லை. இன்னொரு முறை அனுப்பச் சொல்லி, தெளிவாக வந்த பிறகுதான் டிக்கெட் போட்டேன். போனதும் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, பிறகுதான் ஒர்க் பெர்மிட் அட்டை.

தீவில் அரிசி கிடைத்தது. விளையத்தான் இல்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால் இருபது நிமிஷம், அதில் நெல் எங்கே விளையும்? அவர்கள் சாப்பிடும் அரிசி கப்பலில் வருவது, பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே. ஏழாம் வகுப்புக்கு 'ரைஸ்' என்ற சொல் வந்த பாடத்தில், செடியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. போர்டில் நாற்று, கதிர், களம், பதர் எல்லாம் வரைந்தேன். அப்போது ஒரு பையன் எழுந்து, தங்கள் திவேஹி மொழியில் பச்சை அரிசிக்கு 'ஹன்டூ', சாதத்துக்கு 'பை' என்று இரண்டு சொல் இருக்கிறது, இங்கிலீஷில் ஏன் ஒன்றுதான் என்று கேட்டான். எங்களுக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று என்றேன். வகுப்பே கை தட்டியது. 'பாடி' என்று நெல்லுக்கு இங்கிலீஷில் சொல்கிறோமே, அதுவும் மலாய் மொழியில் கடன் வாங்கியதுதான். அந்தப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் இரண்டு பக்கமும் ஆரம்பிக்கும். இங்கிலீஷ் இடமிருந்து வலம், திவேஹி வலமிருந்து இடம். தோணிக்கு அவர்கள் 'தோனி' என்றே சொல்வார்கள். அதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2004 ஜூலை 16 வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளி விடுமுறை. துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த மட்டக்களப்புக்கார ஆசிரியர் ஒருவர் வேகமாக வந்தார். 'டீச்சர், உங்கட ஊர் கும்பகோணம்தானே? பள்ளிக்கூடம் ஒண்டு எரியுதாம், பிள்ளைகள் உள்ளுக்காம்' என்றார். எந்தப் பள்ளி என்று அவருக்குத் தெரியவில்லை. டி.வி. இருந்த வீட்டுக்கு ஓடினோம். கும்பகோணம் என்று மட்டும் வந்தது. என் மகள் கும்பகோணத்தில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

டெலிபோன் கார்டை எடுத்துக்கொண்டு ஜெட்டி பக்கம் இருந்த கூண்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் போன் இல்லை, பக்கத்து வீட்டு நம்பர். லைன் போகவில்லை. கும்பகோணத்துக்கு எந்த நம்பரும் போகவில்லை. உலகத்தில் எல்லோரும் அன்றைக்கு அந்த ஊரைக் கூப்பிட்டிருப்பார்கள். மட்டக்களப்புக்காரர் தன் கார்டையும் கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மணி அடித்தது. அவர் அவளைக் கூட்டிவந்து போனைக் கையில் கொடுத்தார். 'அம்மா, ஸ்கூல் லீவு விட்டுட்டாங்க' என்றாள்.

காசிராமன் தெருவில் அன்று போனது 94 பிள்ளைகள். கும்பகோணத்துக்காரர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளே ஊருக்குப் போய்விட வேண்டும் என்றுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு முன் கிளம்பினால் டிக்கெட் பணம் நம்முடையது, ஒரு மாதச் சம்பளமும் திருப்பிக் கட்ட வேண்டும். நெருங்கிய உறவினர் மரணம் என்றால் மட்டும் அவசர விடுப்பு. அவரிடம் போனில் சொன்னேன். 'வர்றதுன்னா வா. கடனைப் பாத்துக்கலாம்' என்றார். நான் டிசம்பர் வரைக்கும் இருந்தேன், அடுத்த வருஷமும் போனேன். கடன் அடைந்தது, நகை திரும்பியது, ஒன்பது மாவும் இன்றைக்கு இருக்கிறது. அந்த ஜூலையைப் பற்றி மகள் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அதனால் ஒப்பந்தம் வந்தால் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். நடுவில் ஊருக்கு வர வேண்டுமென்றால் யார் டிக்கெட், எத்தனை நாள், எந்தக் காரணத்துக்கு என்று கையெழுத்துக்கு முன்னால் எழுதிக் கேளுங்கள். குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். என்னுடையவை பள்ளி அலுவலக அலமாரியில் இருந்தன, எல்லா ஆசிரியர்களுடையதையும் வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். டிசம்பர் லீவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோதுதான் 26-ஆம் தேதி கடல் வந்தது. நாகப்பட்டினத்துக்கு வந்த அதே கடல். இங்கே அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். மாலத்தீவில் நூறு பேர் அளவில். எங்கள் தீவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் என் பி.எட். பட்டம் கஞ்சியாகிக் கிடந்தது. மறு பட்டம் வாங்க விண்ணப்பம், கட்டணம், அபிடவிட் என்று ஏழு மாதம். மனுஷர் போன வருஷத்தில் காகிதத்துக்கு அழக் கூடாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உங்களுக்கு ஸ்கேன் இருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். வேலை கொடுப்பவர் ஒரிஜினலைப் பார்க்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது.

தாய்லாந்துப் பெண் ஏஜெண்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை. அவர் சொன்ன பள்ளியின் பெயரை வைத்து அந்தப் பள்ளிக்கே நேராக மெயில் போடச் சொன்னேன், போட்டிருக்கிறாள். பதில் வரட்டும். அதற்குள் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் வேலையை முடிக்கலாம் என்று வியாழக்கிழமை தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு நானும் கூடப் போகிறேன். பாங்காக்கிலும் ஹனோயிலும் நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தப் பள்ளி எப்படி, வீட்டு வாடகை எவ்வளவு, பெண் பிள்ளை தனியாகத் தங்க எந்தப் பகுதி சரி என்று இன்பாக்ஸில் எழுதுங்கள். பள்ளியின் பெயரை அங்கேயே தருகிறேன்.